அட்டையில் இல்லாத கூனி

போன மாதம் என் மச்சான் நஜீமின் கடையில், சாப்பிட உட்கார்ந்திருந்த ஒரு மனிதரின் கையிலிருந்து பாணைப் பறித்துவிட்டேன். கல்முனையிலிருந்து சாய்ந்தமருது வரை இந்தக் கதை பரவிவிட்டது. ளுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால், "என்ன றவூப் காக்கா, இன்டைக்கி ஆர்ர சாப்பாட்டப் பறிக்கப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வெயிலில் நின்று விளக்கம் சொல்ல எனக்கு ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னை விட்டுவிடுங்கள்.

நஜீம் என் மனைவி ரஹ்மாவின் தம்பி. ஐம்பத்து நான்கு வயது. கத்தாரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஊருக்கு வந்து ஒரு வருடம் சும்மா இருந்தார். அந்த ஒரு வருடமும் தொலைபேசியில் சமையல் வீடியோ பார்த்தார். அதன் விளைவுதான் பிரதான வீதியில் கண்ணாடி முகப்போடு நிற்கிற அந்தக் கடை. பலகையில் 'தாய் பீஃப் பாண்' என்று பெரிதாக எழுதிப் போட்டார். தாய்லாந்து என்று முழுதாக எழுதச் சொன்னேன். இடம் போதாது என்றார். முதல் நாளே சம்மாந்துறையிலிருந்து வந்த ஒரு வயற்காரர், "இது கன்டு போட்ட தாய் மாடா? இறைச்சி முத்தலா இரிக்குமே" என்று கேட்டுவிட்டு, பிரியாணிப் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்.

சாமான் என்னவென்றால், வெள்ளைக்காரர்களுடைய பழைய சாப்பாடு ஒன்று இருக்கிறது. மாட்டிறைச்சியை முழுத் துண்டாக ஓவனில் வாட்டி, கடதாசி போல மெல்லிசாகச் சீவி, சூடாக நீட்டுப் பாணுக்குள் வைப்பார்கள். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் எலும்புச் சாறு. பாணை அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அதைத் தாய்லாந்து ருசிக்கு மாற்றிச் செய்கிறார்கள் இப்போது. ஏதோ நேற்றுத்தான் கண்டுபிடித்தது போல வீடியோவில் துள்ளுகிறார்கள். நான் கத்தாரில் ஒரு ஹோட்டலில் அதை வருடக்கணக்காகச் செய்தவன்.

"மச்சான், நீங்க அங்க இதானே செஞ்ச? ஒருக்கா வந்து பாருங்க" என்று நஜீம் கூப்பிட்டார். போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

இறைச்சிக் கடைக்காரர் கறிக்கு வெட்டுவது போலத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்திருந்தார். அதை அவித்து, பிய்த்து, சீனிப் பாண் போல மெத்தென்றிருந்த ஒன்றுக்குள் திணித்திருந்தார்கள். சாற்றுச் சட்டியில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து அதோடு கொதிக்கவிட்டிருந்தார்கள். வாயில் வைத்தால் கசப்பு. எலுமிச்சைப் புல்லை நசுக்காமல் முழுத் தண்டாகப் போட்டிருந்தது, சட்டிக்கு அழகுக்கு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். நஜீம் ஒவ்வொன்றுக்கும், "வீடியோவுல அப்படித்தான் செய்றாங்க மச்சான்" என்றார். வாயை மூடிக்கொண்டு கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது, வங்கியில் வேலை செய்கிற ஒருவர் கல்லாவில் இருந்த அன்சாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதில இறால் கிறால் ஏதும் இரிக்கா? எனக்கு ஒத்து வராது."

அன்சார் தலை நிமிராமலே, "இல்ல சேர், இது பீஃப்" என்றார்.

நான் நேராகச் சமையலறைக்குள் போய்ச் சமையல்காரரிடம், சாற்றில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"நஜீம் காக்கா ரெண்டு போத்தல் தந்தாரு. அதுல கொஞ்சம், இதுல கொஞ்சம்."

"என்ன போத்தல்?"

"தெரியா. ஒன்டுல பூப் படம் போட்டிரிக்கி."

நான் வெளியே ஓடி வந்தேன். அந்த மனிதர் பாணைச் சாற்றில் தோய்த்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்விட்டார். பறித்தேன். சாறு அவருடைய வெள்ளைச் சட்டையில் சிந்தியது. அவர் எழுந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கள்வனைப் பார்ப்பது போல. சாற்றில் இறால் இருக்கிறதா என்று உள்ளே கேட்காமல் எப்படி இல்லை என்றாய் என்று அன்சாரையும் ஏசினேன்.

"இது உங்கட கத்தார் ஹோட்டல் இல்ல மச்சான்!" என்று நஜீம் எல்லோருக்கும் முன்னால் கத்தினார். "கடற்கரையில பொறந்து வளந்த சனம். இறாலுக்குப் பயந்தா எப்படிச் சீவிக்கிற? கடைய மூட வெக்கத்தான் வந்தீங்களா?"

வீட்டுக்கு வந்தேன். கதை எனக்கு முன்னால் வந்திருந்தது. ரஹ்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. "ஏன் செஞ்ச என்டு அவனுக்கிட்டச் செல்லுங்க. எனக்கே நீங்க முழுசாச் செல்லல்ல" என்றாள். உண்மைதான். அவளிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணமும் இருந்தது.

நான் வேலை பழகிய கதை நீளமில்லை. கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி மா குழைத்தேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் வெங்காயம் உரித்தேன், பிறகு இறைச்சி வெட்டினேன். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனதற்கு அடுத்த வருடம் கத்தாருக்குப் போனேன். அங்கே என்னைப் போட்டது செஃப் மாலி என்கிற தாய்லாந்துப் பெண்ணின் பகுதியில்.

நாற்பது வயதிருக்கும். என் தோள் உயரம்கூட இல்லை. சத்தம் போடவே மாட்டார். செய்தது பிழையென்றால் தட்டை இரண்டு விரலால் மெதுவாக நம் பக்கம் தள்ளிவிடுவார், அவ்வளவுதான். என்ன பிழை என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேள்வி கேட்டால் பதில் வரும் வரைக்கும் கண்ணைச் சிமிட்டாமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பை விட ஒரு அறை வாங்குவது மேல். எல்லோரும் அவருக்கு 'மிஸ்டர்'தான், பாத்திரம் கழுவுகிறவர் உட்பட. அவருடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் சேர்ந்தாலும் ஒரு முழு இங்கிலீசு வராது. ஆனாலும் அவர் சொன்ன எதுவும் எனக்கு விளங்காமல் போனதில்லை.

முதல் நாள் வாட்டிய இறைச்சித் துண்டொன்றை வைத்துச் சீவச் சொன்னார். கொழும்பில் ஆறு வருடம் இருந்தவன் என்ற திமிரில் சடசடவென்று சீவினேன். தட்டு திரும்பி வந்தது.

"மிஸ்டர் றவூப், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?"

விரலால் காட்டினேன்.

"எனக்குக் காட்ட வேண்டாம். கத்திக்குக் காட்டு."

நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அவசரத்தில் செய்யவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்காதது. தெரியாதவனை அவர் மன்னித்துவிடுவார்.

அந்த ஹோட்டலில் வெள்ளைக்காரச் சாப்பாட்டுப் பட்டியலில் அந்தச் சூடான இறைச்சிப் பாண் முன்பே இருந்தது. அதைத் தாய்லாந்து ருசிக்கு மாற்றச் சொல்லி மேலிடம் கேட்டது. மாலியும் நானும் ஏழு வாரம் அதில் கிடந்தோம். கொத்தமல்லி வேர், வெள்ளைப் பூண்டு, வெள்ளை மிளகு மூன்றையும் இடித்து இறைச்சியில் தேய்த்து ஒரு நாள் குளிரில் வைப்போம். முதலில் எல்லாப் பக்கமும் சூடான இரும்பில் நிறம் பிடிக்க வேண்டும், பிறகு குறைந்த சூட்டில் ஓவன். எடுத்தவுடன் வெட்டக் கூடாது. அரை மணி நேரம் கிடக்க வேண்டும். நான் இருபது நிமிடத்தில் கத்தியை எடுத்தால், அவர் கத்திக்கும் இறைச்சிக்கும் நடுவில் தன் கையை வைப்பார்.

சாற்றுக்கு எலும்பை வாட்டி, ஆறு மணி நேரம் மெதுவாக அவிய விடுவது. எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டை நசுக்கிப் போடுவது. பேரரத்தை நாலு சில்லு. தாய்லாந்துத் தேசி இலையின் நடு நரம்பை உரித்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் போடுவது. மீன் சோஸ், பனங்கட்டி. புளி பிழிவது கிண்ணத்தில் ஊற்றும்போது மட்டும். பாணை உள்பக்கம் மட்டும் சுட்டு, இறைச்சியின் மேலே ஊறவைத்த கெக்கரியும் சின்ன வெங்காயமும், துளசி போன்ற ஒரு இலையும், வறுத்து இடித்த அரிசித் தூளும். அந்த அரிசித் தூளை நான் முதலில் எள்ளி நகையாடினேன். பிறகு அது இல்லாமல் எனக்கு அந்தப் பாண் இறங்கவில்லை.

இறால் பசையும் சிப்பிச் சோஸும் வேண்டாம் என்று மாலி முதல் வாரமே முடிவெடுத்தார். "மாட்டிறைச்சி என்று நினைத்துக் கேட்பார்கள். அதற்குள் கடல் ஒளிந்திருக்கக் கூடாது. மீன் சோஸ் ஒன்று போதும், அதையும் எழுதி வைக்கிறோம்" என்றார்.

எழுதுவது! அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஓர் அட்டை. இடப் பக்கம் அதற்குள் போகிற எல்லாம், தண்ணீர் உட்பட. வலப் பக்கம் யார் யார் சாப்பிடக் கூடாது என்பது. என்ன மாற்றினாலும் எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைக்க வேண்டும்.

"உப்பைக் கூட்டினாலுமா?" என்று கேட்டேன்.

"உப்புப் பைக்கெட் வேறு கம்பெனி என்றாலும்" என்றார்.

இவருக்குச் சமையல்காரன் தேவையில்லை, கிளாக்கர்தான் தேவை என்று அறைக் கூட்டாளிகளிடம் பொருமினேன்.

பாண் நன்றாகப் போனது. மூன்று மாதம் கழித்து நான் லீவில் ஊருக்கு வந்து திரும்பும்போது, ரஹ்மா ஒரு போத்தல் கூனி கட்டித் தந்தாள். எங்கள் கடற்கரையில் பிடித்துக் காயவைத்த, நகக்கண் அளவுச் சின்ன இறால். அறையில் சம்பல் போட்டுச் சாப்பிடத்தான் தந்தாள்.

ஒருநாள் எலும்பு குறைவாக வந்தது. சாறு வெறும் வெந்நீர் போல இருந்தது. அட்டைப்படி எல்லாம் இருந்தது, ருசி மட்டும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. கூனியை வறுத்து இடித்து, சீலைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, கால் மணி நேரம் சாற்றில் தொங்கவிட்டு எடுத்தேன். சாறு எழுந்து நின்றது. மாலி கரண்டியை எடுத்து ருசி பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார்.

"இன்று என்ன செய்தாய்?"

அட்டை கண் முன்னால் தொங்கியது. எழுதப் போனால் விசாரணை, பிறகு கூடாது என்பார்.

"எலும்பைக் கூட நேரம் அவித்தேன், செஃப்."

காத்திருந்தார். நானும் அசையவில்லை. "நன்றாக இருக்கிறது" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காகத் தினமும் பொட்டலம் கட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் பகல் சாப்பாட்டு நேரம். ஒரே நெரிசல். பரிமாறுகிறவர் வந்து, "ஆறாம் மேசை. இறைச்சிப் பாணில் இறால் வகை ஏதாவது இருக்கிறதா? அவருக்கு ஆகாது" என்று கேட்டார். மாலி திரும்பி அட்டையைப் பார்த்தார். விரலை வைத்து மேலிருந்து கீழாக வாசித்தார்.

"இல்லை" என்றார்.

எனக்குக் கேட்டது. இதைத்தான் நான் ரஹ்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவருக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் இறைச்சி சீவிக்கொண்டு நின்றேன், தெளிவாகக் கேட்டது. துணியில் கட்டிய கூனிதானே, வாசம் மட்டும்தானே என்று நினைத்தேன். இந்தப் பணக்காரருக்கு எல்லாம் ஒவ்வாமைதான் என்று நினைத்தேன். நான்கு பாண் காத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். அந்த ஒரு துண்டைச் சீவி முடிப்பதற்குள் பரிமாறுகிறவர் போய்விட்டார்.

பத்து நிமிடத்தில் வெளியே நாற்காலி விழுகிற சத்தம். கதவு இடுக்கால் பார்த்தேன். ஒரு நடுத்தர வயது மனிதர், முகமெல்லாம் தடித்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு இழுத்தார். மனைவி கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி ஓர் ஊசியைத் தேடி எடுத்து அவருடைய தொடையில் குத்தினார். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது.

மாலி அடுப்பெல்லாம் அணைக்கச் சொன்னார். சாற்றுப் பானை, சோஸ் போத்தல், பாண், இறைச்சி, எண்ணெய், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துத் தனித்தனியாக மூடி, நேரம் எழுதி ஒட்டினார். பிறகு எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி.

"அட்டையில் இல்லாத ஏதாவது?"

என் முறை வந்தது. "இல்லை, செஃப்" என்றேன்.

அரை மணி நேரம் கழித்துப் பெரிய செஃப் வந்தார். உன் அட்டை பொய், உன்னால் ஹோட்டல் நாசம் என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் மாலியைப் பார்த்துக் கத்தினார். மாலி, "என் அட்டை. என் பகுதி" என்று மட்டும் சொன்னார். வேறு யாரையும் கை காட்டவில்லை. அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது.

என்னால் நிற்க முடியவில்லை. உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போய், அலுமாரியைத் திறந்து, கூனிப் போத்தலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுதான். பன்னிரண்டு நாளாக."

என்னைத் திட்டுவார், அறைவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. போத்தலைத் தூக்கிப் பார்த்தார், தொலைபேசியை எடுத்தார், ஆசுபத்திரிக்குப் பேசினார். என்ன சாமான், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அட்டையை இறக்கி, அதில் எழுதி, பேனையை என்னிடம் நீட்டினார். கையெழுத்து வைத்தேன்.

அந்த மனிதர் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். அல்ஹம்துலில்லாஹ். நான் அந்த மூன்று நாளும் சாப்பிட்டதாக ஞாபகமில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதமும், ஐந்து மாதம் மரக்கறி கழுவுகிற வேலையும் கிடைத்தன. நாட்டுக்கு அனுப்பிவிடத்தான் இருந்தார்கள். மாலி தன் அறிக்கையில், 'அவராகவே வந்து சொன்னார்' என்று எழுதியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் மாலியை ஊழியர் சாப்பாட்டுப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவு கெட்டிக்காரி, முந்நூறு பேருக்குப் பருப்பு அவித்துக்கொண்டு நின்றார். ஒருநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"மிஸ்டர் றவூப், நான் கேட்டபோது இல்லை என்றாய். அது என்ன, ஒரு மணி நேரமா?"

"முக்கால் மணி நேரம், செஃப்."

"அந்த முக்கால் மணி நேரம் டாக்டருக்குத் தேவைப்பட்டிருந்தால்?"

காத்திருந்தார். நான் திரும்பி மரக்கறி கழுவப் போனேன். அந்த வருடக் கடைசியில் அவர் வேலையை விட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

நான் அங்கே இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்து, அதே பகுதிக்குப் பொறுப்பாக வந்து, ஓய்வு பெற்றேன். எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் என்னைப் பின்னால் 'கிளாக்கர்' என்றார்கள். எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் போன மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நஜீமின் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னேன். ரஹ்மாவும் கூட வந்தாள். போத்தல் கட்டித் தந்தது அவள் என்பதால் அவளுக்குக் கண் கலங்கியது. நஜீம் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். அது பெரிய விடயம்.

முடிந்ததும் சொன்னார்: "அப்ப மச்சான், அன்சார் தெரியாமத்தான் 'இல்ல' என்டான். நீங்க தெரிஞ்சிக்கிட்டே சும்மா இருந்த."

பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் என்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும். "ஓம்" என்றேன்.

"அவன ஏசின நீங்க."

"ஓம் நஜீம். அவனுக்கிட்டயும் போய்ச் செல்லுறன்."

நஜீம் பக்கத்தில் கிடந்த கண்ணாடியை எடுத்தார். பிறகு எழுந்து சட்டையைப் போட்டார். "வாங்க, அந்தப் போத்தல்களப் பாப்பம்."

இரண்டு கிழவர்கள், ஆளுக்கொரு கண்ணாடி போட்டுக்கொண்டு, சமையலறை லைட்டுக்குக் கீழே போத்தலை உருட்டி உருட்டி வாசித்தோம். சமையல்காரர் பூ என்று சொன்ன படம், திறந்து வைத்த சிப்பி. மற்றப் போத்தலில் தாய்லாந்து எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதற்குள் இறால் இருக்கிறதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நஜீம் சிப்பிப் போத்தலை வீட்டுக்கு ஒதுக்கி, இனிச் சாற்றுக்கு மீன் சோஸ் மட்டும் என்று சொல்லி, இதைக் குப்பையில் போட்டார். போட்டுவிட்டு, அது மருமகன் பாங்கொக்கிலிருந்து கொண்டுவந்தது என்று அரை மணி நேரம் புலம்பினார்.

அடுத்த நாள் அன்சாரிடம் போனேன். பிறகு அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வங்கிக்குப் போனேன். இலக்கம் எடுத்து, இருபத்து மூன்று பேருக்குப் பின்னால் நின்று, கண்ணாடித் துளைக்குள்ளால் முழுக் கதையையும் சுருக்கிச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

அவர் சிரித்தார். "காக்கா, பறிச்சது சரி. ஆனா பறிச்சிட்டு வேற ஒன்டும் தராம உட்டயளே. நான் அன்டைக்கிப் பசியோட போன."

போன வெள்ளிக்கு முந்தின நாள் அவர் கடைக்கு வந்தார். நான் மூலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதே கேள்வியை அன்சாரிடம் கேட்டார்.

அன்சார் எழுந்து நின்றார். "நில்லுங்க சேர், கேட்டுட்டு வாறன்" என்று உள்ளே போனார். போனவர் வரவில்லை. உள்ளே சமையல்காரரோடு வாக்குவாதம் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கல்லாவுக்கு முன்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார். பத்து நிமிடம் கழித்து அன்சார் வியர்க்க வியர்க்க வந்து, "இறால் இல்ல சேர். சிப்பியும் இல்ல. மீன் சோஸ் இரிக்கி. மீன் ஒத்து வருமா?" என்றார்.

"மீன் பரவால்ல" என்றார் அவர். சாப்பிட்டார். கிண்ணத்தில் மிஞ்சிய சாற்றையும் தூக்கிக் குடித்தார்.

வெளியே போன அந்த ஒரு ஆளுக்காக நஜீம் இன்னும் என்னைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறார். ஏசட்டும்.